மனுவின் முதல் வரி எது? துறைமுகமா, மணலா, படிப்பா, ரப்பரா

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு வழக்கம். தேர்தல் வருகிறதென்றால் வேட்பாளர்களிடம் கொடுக்க ஒரு கோரிக்கை மனு எழுதுவோம். ஒரே பக்கம்தான். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு பக்கத்தையும் படிப்பதில்லை. முதல் வரியில் கண்ணை ஓட்டிவிட்டு, "பாத்துக்கிடலாம் அண்ணே" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் சண்டை எல்லாம் முதல் வரியில் எதைப் போடுவது என்பதில்தான்.

இந்த முறை நான்கு தரப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் 'சார்'. படிப்பும் பயிற்சியும்தான் முதலில் என்பது அவர் வாதம். கட்டட ஒப்பந்தம் எடுக்கும் தம்பி ஒருவன், "துறைமுகம் வந்தாத்தான் மாவட்டம் உருப்படும்" என்றான். இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்த மாமா மணலைப் பிடித்துக்கொண்டார். "அரிய மண்ணை வெச்சுக்கிட்டுச் சீனாக்காரன் உலகத்தையே மிரட்டுதான், நாம அது மேல பாயை விரிச்சுப் படுத்துக் கெடக்கோம்" என்றார். நான் ரப்பர். குலசேகரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாடு இருந்தது. தம்பிக்குத் தென்கொரியா, மாமாவுக்கு போட்ஸ்வானா, சாருக்குக் கேரளமும் இலங்கையும், எனக்கு மலேசியா. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அந்தப் பேச்சில் ஒன்று தெளிந்தது. ஒரே மாதிரிக் கொள்கை ஒரு நாட்டைத் தூக்கிவிட்டிருக்கிறது, இன்னொரு நாட்டைக் கவிழ்த்திருக்கிறது. அரசு நேரடியாக இறங்கியதா, சந்தையிடம் விட்டதா என்பதை வைத்து மட்டும் இதை விளக்க முடியவில்லை. போட்ட கணக்கு பிசகியபோது 'நிறுத்து' என்று சொல்ல அங்கே ஆள் இருந்ததா, சொன்னால் கேட்டார்களா என்று பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. நான்கு கோரிக்கைகளையும் நான் அந்தத் தராசில்தான் வைத்தேன்.

துறைமுகம்

தம்பியின் கொரியாக் கதை நல்ல கதைதான். உலக வங்கிக் கணக்கில் 1960இல் கொரியாவின் தனிநபர் வருமானம் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்று பத்து மடங்குக்கும் மேல். போஹாங் இரும்பாலைக்குக் கடன் கொடுப்பது வீண் என்று உலக வங்கி கைவிரித்தது. காலனி ஆட்சிக்கு ஈடாக ஜப்பானிடமிருந்து வந்த பணத்தைப் போட்டு, 1973இல் உலையைப் பற்றவைத்தார்கள். அரசு துணிந்து பெரிதாகப் போட்டதால்தான் வளர்ந்தது என்பான் தம்பி.

அவன் சொல்லாமல் விடும் பாதி ஒன்று இருக்கிறது. கொரிய அரசு தன் முதலாளிகளுக்கு மலிவு வட்டியில் கடன் கொடுத்தது, சரி. கூடவே ஏற்றுமதிக்கு இலக்கு வைத்தது. அதிபர் பார்க் சுங் ஹீ மாதாமாதம் கூட்டம் போட்டு உட்கார்ந்து கணக்குக் கேட்டார். இலக்கைத் தொடாதவனுக்குக் கடன் நின்றது. சலுகைக்கு விலை இருந்தது. அந்த விலையைத் தொழிலாளியும் கொடுத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. 1970 நவம்பரில் சோன் தே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டுத் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். முதலாளியைக் கணக்குக் கேட்ட அரசைக் குடிமக்கள் கணக்குக் கேட்க 1987 வரை ஆயிற்று.

கொரியாவை விட்டு நமக்குப் பக்கத்துக் கடலுக்கு வருவோம். அம்பாந்தோட்டையில் இலங்கை சீனக் கடனில் துறைமுகம் கட்டி 2010இல் திறந்தது. உலகத்தின் பரபரப்பான கப்பல் பாதை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் போகிறது. கப்பல்கள் நிற்கத்தான் இல்லை. 2017இல் 112 கோடி டாலருக்கு, 99 வருஷக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் கொடுத்தார்கள். நாட்டின் தலைவர் ஊர் பக்கத்தில் கட்டிய துறைமுகத்தை 'வேண்டாம்' என்று எந்த அதிகாரி சொல்லியிருப்பார்?

நம் கதை இன்னும் சுருக்கம். 2016இல் இனயத்தில் பெருந்துறைமுகம் கட்ட ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை முழுக்க எதிர்ப்பு. இடத்தைக் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. திட்டம் நின்றது. இதற்குள் எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே மாதம் திறப்பு விழாவும் முடிந்தது. இயற்கையான ஆழமும் அரசின் பணமும் அங்கே இருக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டி யாரிடமிருந்து சரக்கைப் பிடுங்குவது?

விழிஞ்ஞத்தால் நமக்குக் கிடைத்தது என்னவென்றால், நம் மலைக் கல்லை அங்கே கொண்டுபோகும் டாரஸ் லாரிகள். களியக்காவிளைச் சாலையில் சாயா குடித்தால் அரை கிளாஸ் புழுதி. தம்பிக்கே இது தெரியும். ஆனாலும் துறைமுகம் என்ற சொல்லில் ஒரு கம்பீரம் இருக்கிறது, விட மனசு வராது. கடற்கரைக்காரர்களிடம் கேட்டால் புதுத் துறைமுகம் எதுவும் கேட்கமாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகு கவிழாமல் இருந்தால் போதும் என்பார்கள். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கும் அரசு, கட்டிய பிறகு தூர்வாரவும் அலைத்தடுப்புச் சுவரை நீட்டவும் ஏன் இத்தனை மனு கேட்கிறது? துறைமுகத்தை முதல் வரியிலிருந்து நான் அடித்ததற்குக் காரணம் இந்த முகத்துவாரம்தான்.

மணல்

மாமாவின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மாமா சொல்லும் அரிய மண்ணும் கதிர்வீச்சுள்ள தோரியமும் கலந்த கனிமம் அது. தேங்காய் நாரில் ஒட்டிப் போன மண்! அப்போது அந்தத் தோரியம் காஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. இன்று அங்கே ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் மணல் அள்ளியாகிவிட்டது. மணவாளக்குறிச்சிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, கனிம வளம் ஊரைச் செழிக்க வைத்ததா என்று மாமா சொல்லட்டும்.

போட்ஸ்வானாவில் மட்டும் எப்படி நடந்தது? 1966இல் விடுதலை அடைந்தபோது உலகின் மிக ஏழை நாடுகளில் அது ஒன்று. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர் என்பார்கள். அடுத்த வருஷமே வைரம் கிடைத்தது. அதிபர் செரெட்சே காமா, தன் சொந்தக் குலத்தின் நிலத்தில் இருந்த வைரம் உட்பட எல்லாக் கனிம உரிமையையும் நாட்டுக்கு என்று சட்டமாக்கினார். டி பியர்ஸ் நிறுவனத்தோடு மறுபடி மறுபடி பேரம் பேசிப் பங்கைப் பாதிக்குப் பாதியாக உயர்த்தினார்கள். வந்த பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. மிச்சத்தை 1994இல் ஒரு தனி நிதியில் போட்டுவைத்தார்கள். அதே வைரம் கிடைத்த சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். கல் ஒன்றுதான், பேரேடுதான் வேறு. போட்ஸ்வானாவிலும் எல்லாம் தேன் இல்லை. ஏழை பணக்காரன் இடைவெளி பெரிது. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்ததும் இப்போது திணறுகிறார்கள்.

இனி நம் பக்கம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கப் புதுத் திட்டம். கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு எல்லாம் அதற்குள் வருகின்றன. வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும் கடற்கரை அது. புற்றுநோய் பற்றிய பயம் அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. இந்த நிலையில் 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. என் தராசில் இதற்கு மேல் வைக்க எதுவும் இல்லை. 'நிறுத்து' என்று சொல்வதற்கு இருந்த ஒரே கூட்டத்தையும் எடுத்துவிட்ட பிறகு, போட்ஸ்வானாவைப் பற்றி நாம் என்ன பேசுவது? மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ கருத்துக்கேட்பு வேணும்னு எழுது" என்றார். நல்ல யோசனை, எழுதினோம். முதல் வரியில் இல்லை.

படிப்பு

சாரோடு சண்டை போடுவது கஷ்டம், ஏனென்றால் அவர் சொல்வது சரி. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்ததிலிருந்தும், மிஷன் பள்ளிகளிலிருந்தும், அவற்றில் படிக்க உரிமை கேட்டுப் போராடியவர்களிடமிருந்தும் வந்த சொத்து இது. இலங்கையும் அப்படித்தான். 1945 முதல் இலவசக் கல்வி. ஆயுளிலும் எழுத்தறிவிலும் நம்மைவிட எத்தனையோ முன்னே போன நாடு.

படித்த நாடுதான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்தன. வேளாண் விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நவம்பரில்தான் தடையைத் தளர்த்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், மேலே ஒரு குடும்பம் மட்டும் முடிவெடுத்தால் இப்படித்தான்.

நமக்கு வேறு சிக்கல். நாம் படிக்கவைக்கிறோம், படித்தவர்கள் பஸ் ஏறுகிறார்கள். சாரின் மாணவர்கள் தோஹாவிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள், அவருக்குப் பெருமை. அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, நகைக்கடை நிரம்புகிறது. பக்கத்துக் கேரளமும் இதே பாதையில்தான் வந்தது. பட்டினி போயிற்று, வேலை வரவில்லை. ஆகவே சாரின் கோரிக்கை தேவையில்லாதது இல்லை, ஏற்கெனவே பாதி கிடைத்துவிட்டது. கிடைக்காதது படித்த பிள்ளை இங்கேயே செய்ய ஒரு வேலை.

ரப்பர்

இப்போது என் பக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

விடிகாலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டு. சிரட்டையில் சொட்டிய பாலை எடுத்து வந்து, அரித்து, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி ஆசிட் விட்டால் மறுநாள் உறைந்திருக்கும். ரோலரில் இரண்டு முறை ஓட்டி, முற்றத்துக் கொடியில் வேட்டி காயப்போடுவதுபோல் போடுவோம். அப்புறம் புகைப்புரை. தேன்நிறத்துக்கு வந்ததும் சுருட்டிக் கட்டி ஸ்கூட்டரில் கடைக்கு. கடைக்காரர் ஷீட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். நகத்தால் சுரண்டுவார். ஓர் ஓரத்தை இழுத்து முகர்ந்து பார்ப்பார். "பூசணம் தட்டியிருக்கு அண்ணே, இது லாட்டாக்கும்." முடிந்தது. நாலாம் தர விலை இல்லை, தரம் பிரிக்காத லாட் விலைதான். ஒருமுறை வீம்புக்கு, ஒரே நாளில் ஒரே தட்டில் செய்த ஷீட்டுகளை இரண்டாகப் பிரித்து இரண்டு கடையில் போட்டுப் பார்த்தேன். ஒருவர் நாலாம் தரம் என்றார், மற்றவர் லாட் என்றார். இருவரும் கெட்டவர்கள் இல்லை. அளக்கக் கண்ணைத் தவிர அவர்களிடம் வேறு கருவி இல்லை, அவ்வளவுதான்.

இதே பிரச்சினை மலேசியாவில் 1960களில் இருந்தது. செயற்கை ரப்பர் தரம் எழுதிய சீட்டோடு வருகிறது, இயற்கை ரப்பரைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது என்று டயர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1925 முதலே அங்கே ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அவர்கள் 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற தரமுறையைக் கொண்டுவந்தார்கள். அழுக்கு இவ்வளவு, சாம்பல் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து, கட்டியாக அமுக்கி, சீட்டு ஒட்டி விற்பது. இதில் சிறு விவசாயிக்குப் பெரிய லாபம் என்ன தெரியுமா? சிரட்டையில் தானாக உறைந்த கட்டியையும், மரத்தில் ஒட்டிய ஒட்டுப்பாலையும்கூட அரைத்துக் கழுவித் தரமான கட்டி ரப்பர் ஆக்கலாம். நாங்கள் அதைச் சாக்கில் கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

மலேசியா அதோடு நிற்கவில்லை. ஏற்றுமதியில் தீர்வை பிடித்து, அந்தப் பணத்தைப் பழைய மரத்தை வெட்டிப் புது ரகம் நடச் சிறு விவசாயிக்கே திருப்பிக் கொடுத்தது. 1973இல் சிறு ரப்பர் விவசாயிகளுக்கென்றே ரிஸ்டா என்ற அமைப்பை வைத்தது. பின்னால் பால் கையுறையானது. கொரோனாக் காலத்தில் உலகத்தின் ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் அந்த நாட்டில்தான் தயாரானது. ரப்பர் மரமே குறைந்து எண்ணெய்ப்பனை பெருகிய பிறகும் கையுறைத் தொழில் நிலைத்தது. பாலை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். அழுக்கும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொத்தடிமைபோல் நடத்தியதாகச் சொல்லி 2020இல் அமெரிக்கா கையுறைகளைத் தடுத்தது. தடை வந்த பிறகுதான் தொழிலாளர்களிடமிருந்து முகவர்கள் பிடுங்கிய பணம் திரும்பியது.

நம் எல்லையில் நடப்பதைப் பார்ப்போம். களியக்காவிளைக்கு அந்தப்புறம் கேரளத்தின் பாறசாலை. ஒரே மழை, ஒரே மண், 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலம். ரப்பர் விலை 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்டு, 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே விழுந்தது. கேரள அரசு 2015இல் ஆதரவு விலைத் திட்டம் போட்டது. முதலில் கிலோவுக்கு 150 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு விவசாயியின் கணக்கில் போடும். இந்தப்புறம் எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரும்பான்மை ரப்பர் கோட்டயம் பக்கம், அங்கே அது ஓட்டு. தமிழ்நாட்டு ரப்பர் பெரும்பாலும் எங்கள் ஒரே மாவட்டத்தில்; சென்னைக்கு அது ஒரு மூலை.

அதற்காக ஆதரவு விலையை முதலில் கேட்கலாமா? படிப்பகத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அரசின் கஜானா காய்ந்தால் நிற்கும். அந்தப்புறத்துச் சொந்தக்காரர்கள் பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று புலம்புவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஷீட்டு அப்படியே ஷீட்டாகத்தான் போகும். பரிசோதனைக் கூடமும் கட்டி ரப்பர் ஆலையும் வந்தால், வேதியியல் படித்த பிள்ளைக்கு வேலை, ஒட்டுப்பாலுக்கு விலை, கடைக்காரரோடு பேச ஒரு சீட்டு. இந்தியாவுக்கும் ஐ.எஸ்.என்.ஆர். என்ற தரமுறை எழுத்தில் இருக்கிறது. மாநில அரசின் ரப்பர் கழகமும் 1984 முதல் நம் மலையோரத்தில் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, நானோ என் அக்கம்பக்கமோ பாலையும் ஒட்டுப்பாலையும் கொண்டுபோவது கடைக்காரரிடம்தான்.

"இறக்குமதி வரி டெல்லியில், நீ குலசேகரத்தில் ஆலை வெச்சு என்ன பண்ணுவே?" என்று மாமா மடக்கினார். நியாயம். உலர் ரப்பருக்கு 25 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது வரி. அதைத் தப்பிக்கக் கலவை ரப்பர் என்ற பெயரில் 10 விழுக்காட்டில் இறக்கினார்கள். ஓட்டையை அடைக்க 2023 பட்ஜெட் வரை ஆயிற்று. நம் ஒரு பக்க மனுவால் அங்கே எதுவும் ஆகாது. ஆனால் ஆலை மாநிலத்தின் கையில். பிசகினால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் போய் நிற்கலாம், தினசரியில் போடலாம், நம் எம்.எல்.ஏ.வை வழிமறிக்கலாம். துறைமுகத்திலும் மணலிலும் யார் வாசலில் நிற்பது என்றே தெரியாது.

உண்மையில் நிற்க வேண்டிய முதல் வாசல் உள்ளாட்சி. அதுவும் சாத்தியிருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை கிராமங்களில் தேர்தலே இல்லை. அப்போது வந்தவர்களுக்கும் 2025 ஜனவரியோடு காலம் முடிந்து, தனி அலுவலர்கள் கையில் போயிற்று. 1996இல் கேரளம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குக் கொடுத்தது. நமக்கு உறுப்பினரே இல்லாத ஊராட்சி. சார் இதைப் பிடித்துக்கொண்டார். படிப்பை விட்டுவிட்டு, உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்து என்பதை இரண்டாவது வரியாக்கச் சொன்னார். யாரும் எதிர்க்கவில்லை.

முதல் வரியை அவர்தான் திருத்தினார். "ரப்பர் தொழிற்சாலை அமைத்துத் தர வேண்டும்" என்று நான் எழுதியிருந்தேன். முப்பது வருஷமாக எல்லாக் கட்சியும் சொல்லும் வாசகம் இது என்று சிவப்புப் பேனாவால் அடித்தார். சிறு விவசாயிகளின் பாலையும் ஒட்டுப்பாலையும் தரம் சோதித்து, சீட்டுக் கொடுத்து வாங்கும் நிலையம் எந்த மாதத்துக்குள், எந்தத் துறையின் பொறுப்பில், தவறினால் யார் பதில் சொல்வது என்று மூன்று கேள்வியாக மாற்றினார். மூன்றாவது வரி தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம். நாலாவது மாமாவின் கருத்துக்கேட்பு.

பக்கம் நிறைந்துவிட்டது. ஆனால் நிலையம் கீரிப்பாறையிலா, குலசேகரத்திலா, அருமனையிலா என்று தம்பி கிளப்பிவிட்டான். அந்தச் சண்டை வரும் ஞாயிறு.